எஸ்.ஆர். புத்தகம் கம்ப்யூட்டருக்குப் போனால், அதிலுள்ள தப்பும் கூடவே போகுமா? உள்ளாட்சி ஊழியர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

அரசு ஆபீஸில் 'எஸ்.ஆர்.' என்றால் யாருக்கும் விளக்கம் தேவைப்படாது. கெட்டி அட்டை போட்ட, ஓரமெல்லாம் பழுப்பேறிய நீள நோட்டு. தமிழில் பணிப்பதிவேடு. ஒருவர் வேலையில் சேர்ந்த நாளிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை அவர் பின்னாலேயே வரும். சில நேரம் அவர் புது ஊரில் சேர்ந்து ஆறு மாதம் ஆகியிருக்கும், எஸ்.ஆர். வந்திருக்காது. "பழைய ஆபீஸ்லேர்ந்து இன்னும் அனுப்பல சார்" என்ற பதிலைக் கேட்காத ஊழியர் குறைவு.

அந்த நோட்டைத்தான் தமிழக அரசு கம்ப்யூட்டருக்கு மாற்றியது. நல்ல வேலை, எப்போதோ செய்திருக்க வேண்டிய வேலை. ஆனால் நோட்டில் தேதி தப்பாக இருந்தால், அல்லது நோட்டைப் பார்த்து டைப் செய்தவர் தப்பாகப் படித்திருந்தால், என்ன ஆகும்? உள்ளாட்சி அமைப்புகளில் இந்தக் கேள்வி இன்னும் கனமானது. அங்கே வேலை செய்யும் பலருக்கு எஸ்.ஆர். என்ற நோட்டே கிடையாது.

ஒரு தேதி மாறினால் என்ன?

ஒரு கணக்கு பாருங்கள். ஒருவர் 4.3.2003 அன்று வேலைக்குச் சேர்ந்தார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச் 4. பதிவு செய்யும்போது நாளும் மாதமும் இடம் மாறி 3.4.2003 என்று ஏறிவிட்டது. ஏப்ரல் 3.

பார்த்தால் ஒரு மாத வித்தியாசம்தான். ஆனால் தமிழ்நாட்டில் 1.4.2003 அன்றோ அதற்குப் பிறகோ சேர்ந்தவர்கள் பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டார்கள். அதற்கு முன் சேர்ந்தவர்களுக்குப் பழைய ஓய்வூதியத் திட்டம். ஆக, இரண்டு எண்கள் இடம் மாறியதில் ஒரு மனிதரின் பென்ஷன் திட்டமே மாறிப்போகும். முப்பது வருஷம் கழித்து, அவர் ரிட்டயர் ஆகும்போதுதான் அது பெரிதாகத் தெரியும்.

விடுப்புக் கணக்கும் இப்படித்தான். ஓய்வுபெறும்போது சேர்ந்திருக்கும் ஈட்டிய விடுப்பில் 240 நாள் வரை பணமாக வாங்கலாம். நடுவில் ஒரு பக்கம் ஸ்கேன் ஆகாமல் விட்டுப்போய், அதில் 30 நாள் விடுப்பு வரவு இருந்திருந்தால், கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம் காணாமல் போகிறது. அதுவும் சர்வீஸின் கடைசி மாதச் சம்பளக் கணக்கில்.

அந்த நோட்டில் அப்படி என்னதான் இருக்கிறது?

முதல் பக்கத்தில் பெயர், அப்பா பெயர், பிறந்த தேதி, கல்வித் தகுதி, அங்க அடையாளம், கைரேகை, கையெழுத்து. அடுத்த பக்கங்களில் எந்தப் பதவி, எந்த ஊர், என்ன சம்பளம், எப்போது இன்கிரிமென்ட், எப்போது மாறுதல், தற்காலிகப் பணிநீக்கம் ஏதும் உண்டா, எத்தனை நாள் விடுப்பு என்று வரிசையாக வரும். பத்து வருஷத்தில் தேர்வுநிலை, இருபது வருஷத்தில் சிறப்புநிலை. தான் இறந்தால் பணம் யாருக்குப் போக வேண்டும் என்ற வாரிசு நியமனமும் இதோடுதான் இருக்கும்.

இந்த முறை ஆங்கிலேயர் காலத்தது. அதற்கு அடிப்படையான 'அடிப்படை விதிகள்' 1922 ஜனவரி 1 அன்று அமலுக்கு வந்தவை. நூறு வருஷம் தாண்டியும் அதே பெயரில் ஓடுகின்றன. ஆண்டுதோறும் நோட்டை ஊழியரிடம் காட்டிக் கையெழுத்து வாங்க வேண்டும் என்பது முறை. நடைமுறையில் பல ஆபீஸ்களில் அந்தக் கையெழுத்துக் கட்டங்கள் காலியாகவே கிடக்கும். ஓய்வு பெறுவதற்குச் சில மாதம் முன்னால் மொத்தமாக எல்லாவற்றையும் தேடி, பழைய ஆபீஸ்களுக்கு ஆள் அனுப்பி நிரப்புவார்கள்.

காகிதத்துக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. 2012 ஜனவரியில் சென்னை சேப்பாக்கம் எழிலகம் வளாகத்தில் கலச மஹால் தீப்பிடித்தது. தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார், அரசு அலுவலகக் கோப்புகள் சாம்பலாயின. அதே ஆண்டு ஜூனில் மும்பையில் மகாராஷ்டிர அரசின் தலைமைச் செயலகமான மந்த்ராலயாவிலும் பெரிய தீ. காகிதம் ஒரே பிரதியாக ஒரே அலமாரியில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

களஞ்சியம் என்ன செய்கிறது?

தமிழக அரசின் ஒருங்கிணைந்த நிதி மற்றும் மனிதவள மேலாண்மைத் திட்டம் 2019-ல் தொடங்கி வைக்கப்பட்டது. ஐ.எஃப்.எச்.ஆர்.எம்.எஸ். என்று சொல்லி நாக்கு சுளுக்கியவர்களுக்கு 'களஞ்சியம்' என்ற பெயர் பின்னால் வந்தது. கருவூலக் கணக்குத் துறை நடத்துகிறது, மென்பொருளை அமைத்துத் தந்தது விப்ரோ நிறுவனம். திட்ட மதிப்பு 288.91 கோடி ரூபாய். சுமார் 9 லட்சம் அரசு ஊழியர்கள், ஆசிரியர்களின் சம்பளமும் பணிப்பதிவும் ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்பது நோக்கம்.

முன்பு சம்பளப் பட்டியலைத் தூக்கிக்கொண்டு மாதாமாதம் சார்நிலைக் கருவூலத்துக்குப் போவார்கள். இப்போது ஒருவர் பதிவு செய்வார், இன்னொருவர் சரிபார்ப்பார், மூன்றாமவர் ஒப்புதல் தருவார். பில் ஆன்லைனில் போய்விடும். பே ஸ்லிப் மொபைலுக்கு வரும். எஸ்.ஆர். புத்தகங்களும் மின் பணிப்பதிவேடாக ஏற்றப்பட்டன. இனி மாறுதலானால் நோட்டு தபாலில் அலைய வேண்டியதில்லை. நிஜமாகவே பெரிய நிம்மதி.

சிக்கல் தொடங்குவது, சம்பளமும் பதிவும் ஒரே கயிற்றில் கட்டப்படுவதில். பழைய நோட்டில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் அது அலமாரியில் தூங்கும், சம்பளம் பாட்டுக்கு வரும். புதிய முறையில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் சம்பளமே நிற்கலாம். உத்தரப் பிரதேசத்தில் அதுதான் நடந்தது. அங்கே ஊழியர் விவரங்களுக்கு 'மானவ் சம்பதா' என்ற இணையதளம் இருக்கிறது. 2024 ஆகஸ்ட் 31-க்குள் அதில் சொத்து விவரம் ஏற்றாத சுமார் 2.4 லட்சம் பேரின் அந்த மாதச் சம்பளத்தை அரசு நிறுத்தி வைத்தது. ஒரு பட்டனில் இது முடியும் என்பதே புதிய விஷயம். தமிழகத்திலும் 2024-ல் களஞ்சியம் வழியாக வருமான வரியை மாதாமாதம் தானாகப் பிடித்தபோது, கூடுதலாகப் பிடிக்கிறார்கள் என்று ஊழியர்களும் ஆசிரியர்களும் புகார் சொன்னார்கள்.

வல்லத்தை வைத்துப் பார்ப்போம்

விழுப்புரம் மாவட்டம் செஞ்சிப் பக்கம் வல்லம் ஊராட்சி ஒன்றியம் இருக்கிறது. செஞ்சிக் கோட்டை 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறியபோது இந்தப் பகுதியின் பெயர் ஊரெல்லாம் அடிபட்டது. கோட்டையை விடுங்கள், இங்கே ஒரு ஊழியரின் எஸ்.ஆர். எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

1990-ல் இங்கே வேலைக்குச் சேர்ந்தவரின் முதல் பக்கங்களில் மாவட்டம் 'தென்னாற்காடு'. 1993 செப்டம்பர் 30-ல் மாவட்டம் பிரிந்தது. அடுத்த பக்கங்களில் 'விழுப்புரம் ராமசாமி படையாட்சியார் மாவட்டம்'. 1997-ல் தலைவர்களின் பெயர்கள் மாவட்டங்களிலிருந்து நீக்கப்பட்டன. அதன் பிறகு வெறும் 'விழுப்புரம்'. நடுவில் அவர் சங்கராபுரம் பக்கம் நாலு வருஷம் வேலை பார்த்திருந்தால், அந்த இடம் 2019 நவம்பரிலிருந்து கள்ளக்குறிச்சி மாவட்டம். ஆள் ஒருவர், வேலை ஒன்று, மாவட்டம் நாலு பெயரில்.

கையால் எழுதும் குமாஸ்தாவுக்கு இதில் குழப்பமே இல்லை. 'தென்னாற்காடு' என்று பார்த்தவுடன் புரிந்துகொள்வார். கம்ப்யூட்டர் திரையில் இன்றைய 38 மாவட்டங்களின் பட்டியல் மட்டும் இருந்தால், இல்லாமல்போன தென்னாற்காட்டை எங்கே போய்த் தேர்வு செய்வது? டேட்டா என்ட்ரி செய்பவர் எதையோ ஒன்றைத் தொட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்.

ஊர்ப் பெயரிலும் வில்லங்கம். தஞ்சாவூருக்குப் பக்கத்தில் ஒரு வல்லம் உண்டு, அது பேரூராட்சி. செங்கல்பட்டு அருகே பல்லவர் குடைவரை இருக்கும் வல்லம் வேறு. ஸ்ரீபெரும்புதூர் சிப்காட் பக்கம் வல்லம் வடகால். 'பணியிடம்: வல்லம்' என்று மட்டும் பதிவானால் எந்த வல்லம் என்று மென்பொருளுக்குத் தெரியாது. ஒவ்வொரு அலுவலகத்துக்கும் தனிக் குறியீட்டு எண் வேண்டும், அதைப் பழைய பதிவுகளுக்கும் பொருத்த வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இனிஷியல் என்ற தமிழ்ப் பிரச்னை

நம்மூரில் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். அப்பா பெயர் கண்ணன், மகன் முருகன் என்றால் எஸ்.ஆரில் 'கே.முருகன்'. பான் கார்டில் இனிஷியலை விரித்து 'முருகன் கண்ணன்' அல்லது 'கண்ணன் முருகன்'. ஆதாரில் 'முருகன் கே'. வங்கிக் கணக்கில் வெறும் 'முருகன்'. அரசு ஊழியர்கள் இனிஷியலையும் தமிழிலேயே எழுத வேண்டும் என்று 2021 டிசம்பரில் வந்த உத்தரவுக்குப் பிறகு 'க.முருகன்' என்ற ஐந்தாவது ஆளும் வந்துவிட்டார்.

கிளார்க்குக்கு இந்த ஐந்து பேரும் ஒரே ஆள் என்று தெரியும், ஏனென்றால் அவர் எதிர் மேஜையில்தான் உட்கார்ந்திருக்கிறார். மென்பொருள் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறதா என்றுதான் பார்க்கும். வாரிசு நியமனத்தில் மனைவியின் பெயரும் இப்படி வேறு வேறாக இருந்தால், அவஸ்தை ஊழியருக்கு இல்லை, அவர் போன பிறகு அந்த அம்மாவுக்கு.

பிறந்த தேதி: தளபதிக்கே தீராத வழக்கு

ஒரே ஆளுக்கு இரண்டு பதிவேடுகள் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாடே பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. ராணுவத் தலைமைத் தளபதியாக இருந்த ஜெனரல் வி.கே.சிங்கின் பிறந்த ஆண்டு ராணுவத்தின் ஒரு பிரிவில் 1951 என்றும், இன்னொரு பிரிவில் 1950 என்றும் இருந்தது. 2012 ஜனவரியில் அவர் உச்ச நீதிமன்றம் போனார். பிப்ரவரியில் மனுவைத் திரும்பப் பெற்றார். 1950 என்பதே நின்றது, அந்த மே மாதம் ஓய்வுபெற்றார். பல வருஷமாக இரண்டு அலமாரிகளில் இரண்டு தேதிகள் இருந்திருக்கின்றன. யாரும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுத் தீர்த்து வைக்கவில்லை.

தமிழ்நாட்டு விதிப்படி, பிறந்த தேதியைத் திருத்த வேண்டுமானால் வேலையில் சேர்ந்த 5 ஆண்டுகளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். தமிழக அரசு சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் 1993-லேயே உச்ச நீதிமன்றம், சர்வீஸ் முடியும் நேரத்தில் வந்து பிறந்த தேதியை மாற்றக் கேட்பதை எளிதில் ஏற்க முடியாது என்று சொல்லிவிட்டது. நியாயமான விதிதான். ஆனால் ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஊழியர் கொடுத்த தேதி தவறு என்றால் அது அவர் பொறுப்பு. நோட்டில் சரியாக இருந்து, ஏற்றும்போது தவறியிருந்தால் அது நகல் எடுத்த பிழை. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, "அஞ்சு வருஷம் தாண்டிடுச்சு" என்று திருப்பி அனுப்பக் கூடாது. இதற்கு உதவும் ஒரே சாட்சி, அந்தப் பழைய நோட்டின் முதல் பக்கம்.

நோட்டே இல்லாதவர்கள் கதி?

இதுதான் உள்ளாட்சியின் தனிப் பிரச்னை. ஒரு ஊராட்சி ஒன்றிய எல்லைக்குள் எத்தனை வகை ஊழியர்கள் என்று எண்ணிப் பாருங்கள். வட்டார வளர்ச்சி அலுவலர் முதல் உதவியாளர் வரை நிரந்தரப் பணியாளர்கள். ஒன்றியப் பள்ளி ஆசிரியர்கள், இவர்களின் எஸ்.ஆர். வட்டாரக் கல்வி அலுவலகத்தில் இருக்கும். ஊராட்சிச் செயலர்கள். குடிநீர்த் தொட்டி இயக்குபவர்கள். தூய்மைப் பணியாளர்கள், தூய்மைக் காவலர்கள். சத்துணவு ஊழியர்கள். நூறு நாள் வேலைத் திட்டத்தின் கணினி உதவியாளர்கள். சம்பளம் வரும் கணக்கு வேறு, நியமித்த அதிகாரி வேறு, விதி வேறு.

ஊராட்சிச் செயலர்களை எடுத்துக்கொள்ளுங்கள். ஊராட்சி உதவியாளர் என்ற பெயரில், ஊராட்சித் தீர்மானத்தின் பேரில் குறைந்த தொகைக்கு வேலையில் சேர்ந்தவர்கள் பலர். 2018-ல்தான் பதிவறை எழுத்தருக்கு இணையாக 15,900 ரூபாயில் தொடங்கும் காலமுறை ஊதியம் வந்தது. அதற்கு முந்தைய அவர்களின் வேலைக்கு ஆதாரம் எங்கே? ஊராட்சியின் தீர்மானப் புத்தகத்தில், ரொக்கப் புத்தகத்தில், பழைய செலவுச் சீட்டுகளில். தமிழ்நாட்டில் சுமார் 12,500 ஊராட்சிகள். அத்தனை ஊராட்சி அலுவலக பீரோக்களிலும் 1990-களின் தீர்மானப் புத்தகம் பத்திரமாக இருக்கும் என்று சத்தியம் செய்ய யாரும் முன்வர மாட்டார்கள்.

மக்கள் நலப் பணியாளர்கள் கதை இன்னும் சிக்கலானது. 1989-ல் திமுக ஆட்சியில் நியமனம், 1991-ல் அதிமுக ஆட்சியில் நீக்கம். 1997-ல் மறுபடி நியமனம், 2001-ல் நீக்கம். 2006-ல் நியமனம், 2011-ல் நீக்கம். கடைசி முறை சுமார் 13,500 பேர் வெளியேற்றப்பட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. 2022-ல் மாதம் 7,500 ரூபாய்க்கு வேலை உறுதித் திட்டத்தில் பணி ஒருங்கிணைப்பாளர் வேலை தரப்பட்டது. இப்படி வந்து போய் வந்து போன ஒருவரின் பணிக்காலத்தை, 'சேர்ந்த தேதி' என்று ஒரே ஒரு கட்டம் இருக்கும் திரையில் எப்படி எழுதுவது? 1989-ஆ, 2006-ஆ, 2022-ஆ?

தொகுப்பூதியத்திலோ தினக்கூலியிலோ பார்த்த பழைய வேலையில் பாதியைப் பென்ஷனுக்குச் சேர்த்துக்கொள்ளலாம் என்று, சில நிபந்தனைகளோடு தமிழகத்தில் விதி இருக்கிறது. அதை நிரூபிக்கக் காகிதம் வேண்டும். மின்பதிவில் அந்தக் காலத்துக்கு இடமே இல்லாவிட்டால், "சிஸ்டத்துல இல்லையே" என்ற ஒற்றை வரியில் அது முடிந்துபோகும்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மின்பதிவு வந்தால் இல்லாத ஆள் பெயரில் சம்பளம் எடுப்பது நிற்கும். 2009 நவம்பரில் டெல்லி மாநகராட்சி, விரல்ரேகை வருகைப்பதிவு கொண்டுவந்த பிறகு தன் பட்டியலில் 22,853 'பேய் ஊழியர்கள்' இருப்பதாக அறிவித்தது. உள்ளாட்சிப் பணம் எப்படிக் கரைகிறது என்பதற்கு அது ஒரு சாட்சி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்து வேலைக்கே வராத ஆளும், வேலை பார்த்தும் பதிவில் இல்லாத ஆளும் கம்ப்யூட்டருக்கு ஒரே மாதிரிதான் தெரிவார்கள். யார் எது என்று சொல்ல ஊரில் போய் விசாரிக்கத்தான் வேண்டும்.

வெளிநாட்டில் மட்டும் சுலபமாக நடந்ததா?

இல்லை. பிரிட்டனின் பர்மிங்காம் நகர மன்றம் அந்நாட்டின் மிகப்பெரிய உள்ளாட்சிகளில் ஒன்று. நிதிக்கும் ஊழியர் நிர்வாகத்துக்கும் சேர்த்து 2022 ஏப்ரலில் ஆரக்கிள் மென்பொருளுக்கு மாறியது. ஆரம்பத்தில் சுமார் 1.9 கோடி பவுண்டு என்று போட்ட கணக்கு, பின்னர் 10 கோடி பவுண்டைத் தாண்டியது. பழைய நடைமுறைகளை மாற்றாமல், மென்பொருளை அதற்கேற்ப வளைத்தது முக்கியக் காரணங்களில் ஒன்று. 2023 செப்டம்பரில் அந்த மன்றம் திவாலுக்கு ஒப்பான அறிவிப்பை வெளியிட்டது. அதற்குப் பெரிய காரணம் பெண் ஊழியர்களுக்கான சம ஊதியப் பாக்கி, ஆனால் இந்த மென்பொருள் குளறுபடியும் சேர்ந்துகொண்டது.

கனடாவில் 2016 பிப்ரவரியில் மத்திய அரசு ஊழியர்களுக்கு 'ஃபீனிக்ஸ்' என்ற சம்பள முறை வந்தது. பல்லாயிரம் பேருக்குச் சம்பளம் குறைந்து வந்தது, சிலருக்குக் கூடுதலாக வந்தது, சிலருக்கு வரவே இல்லை. அங்கே நடந்த பெரிய தப்பு, புது முறை நிலைக்கும் முன்பே அனுபவமுள்ள சம்பளப் பிரிவு ஊழியர்களை ஆயிரக்கணக்கில் குறைத்தது. தென்னாற்காடு என்றால் விழுப்புரம் என்று சொல்லத் தெரிந்த நம்மூர் குமாஸ்தாவைப் போல, சட்டத்தில் எழுதாத விஷயமெல்லாம் அவர்கள் தலைக்குள்தான் இருந்தது.

அடுத்தது பாதுகாப்பு. 2015-ல் அமெரிக்க மத்திய அரசின் பணியாளர் நிர்வாக அலுவலகத்துக்குள் ஊடுருவல் நடந்தது தெரியவந்தது. 2 கோடிக்கும் அதிகமானோரின் விவரங்களும், 56 லட்சம் பேரின் விரல்ரேகைகளும் திருடுபோயின. பாஸ்வேர்டு போனால் மாற்றிக்கொள்ளலாம், ரேகையை மாற்ற முடியாது. பெரிய தாக்குதல் கூட வேண்டாம். கம்ப்யூட்டர் சரியாக வராத அதிகாரி, "நீயே போட்டுடுப்பா" என்று தன் பாஸ்வேர்டைச் சின்னப் பையனிடம் கொடுத்தால் போதும். பதிவு செய்பவர், சரிபார்ப்பவர், ஒப்புதல் தருபவர் என்ற மூன்று பூட்டும் ஒரே கையில் வந்துவிடும்.

ஊழியர்கள் இப்போது என்ன செய்யலாம்?

ரிட்டயர்மென்ட் வரட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். மின் பணிப்பதிவேட்டை ஒருநாள் உட்கார்ந்து, கையில் பழைய ஆணைகளை வைத்துக்கொண்டு படியுங்கள். பிறந்த தேதியும் சேர்ந்த தேதியும் நாள், மாதம் மாறாமல் இருக்கிறதா என்பது முதல் வேலை. அடுத்து, மாறுதல்கள். ஒரு ஆபீஸில் விடுவித்தது முற்பகலா பிற்பகலா, அடுத்ததில் சேர்ந்தது எப்போது, நடுவில் பதிவில்லாத நாள் ஏதும் தொங்குகிறதா? அப்படித் தொங்கும் நாட்கள் பணிமுறிவு என்று பேசப்படும்.

விடுப்புக் கணக்கை வருஷ வாரியாகக் கூட்டிப் பார்க்க வேண்டும். வாரிசு நியமனம் கல்யாணத்துக்கு முன்னால் அம்மா பெயரில் எழுதியதாகவே இன்னும் இருக்கலாம், அதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

பிழை இருந்தால் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வராமல், சம்பளம் வழங்கும் அலுவலருக்கு எழுத்தில் மனு கொடுத்து, தேதி போட்ட ஒப்புகை வாங்குங்கள். நோட்டின் அந்தப் பக்கத்தின் நகலை இணையுங்கள். தற்காலிகமாக, தொகுப்பூதியத்தில் வேலை பார்த்தவர்கள், தீர்மான நகலும் பழைய செலவுச் சீட்டு நகலும் இப்போதே கேட்டு வாங்கலாம். கொடுக்க மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

அலுவலகங்கள் செய்ய வேண்டியது ஒன்றுதான் முக்கியம்: ஊழியரை எதிரில் உட்கார வைத்து, நோட்டையும் திரையையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டு, இருவரும் கையெழுத்திட்ட பிறகே பதிவை இறுதி செய்வது. ஒருவருக்கு அரை நாள் பிடிக்கலாம். அதற்கு ஆளும் நேரமும் ஒதுக்காமல், "இந்த வாரத்துக்குள் முடிக்கவும்" என்று வாட்ஸ்அப்பில் உத்தரவு மட்டும் வந்தால், சரிபார்த்தேன் என்ற டிக் விழும். சரிபார்ப்பு நடந்திருக்காது.

எல்லாம் ஏற்றியாகிவிட்டது என்று பழைய நோட்டுகளை எடைக்குப் போடவும் கூடாது. 2003-ல் சேர்ந்த ஒருவர் 2035-லோ 2040-லோ ஓய்வுபெறுவார். அன்றைக்கு அவர் மார்ச்சில் சேர்ந்தாரா ஏப்ரலில் சேர்ந்தாரா என்று கேள்வி வந்தால், எடுத்துப் பார்க்க அந்தப் பழுப்பு நோட்டு இருக்க வேண்டும்.